செஃப் கிளஸ்டரில் நோடைக் கழற்றும்போது எங்கே மாட்டும், எப்படி மீள்வது

செஃப் என்பது பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக்கும் மென்பொருள்; ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு, எல்லாம் சேர்ந்தது கிளஸ்டர். ஆறு நோடு செஃப் கிளஸ்டரை ஐந்தாக்கு, ஐந்தை நாலாக்கு என்று சில வருடமாக எனக்கு இதே வேலை வந்துகொண்டிருக்கிறது. காரணம் பெரும்பாலும் ஏ.எம்.சி. முடிந்த பழைய சர்வர், இல்லாவிட்டால் கரன்ட் பில். நோடு சேர்க்கிற நாளில் எல்லோரும் கூட நிற்பார்கள். கழற்றுகிற நாளில் நாம் மட்டும்தான் இருப்போம். மாட்டிக்கொள்கிற இடங்கள் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே இடங்கள். அதனால் அறிகுறிப்படி எழுதிவைத்தேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எங்கே மாட்டியிருந்தாலும் முதலில் மூன்று கட்டளை: ‘செஃப் -எஸ்’, ‘செஃப் ஹெல்த் டீடெய்ல்’, ‘செஃப் ஓஎஸ்டி டிஎஃப் ட்ரீ’. ‘மிஸ்பிளேஸ்டு’ என்று மட்டும் வந்தால் தரவின் பிரதிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, இடம்தான் மாற வேண்டும், காபி குடிக்கலாம். ‘டிகிரேடட்’ என்று வந்தால் பிரதியே குறைந்திருக்கிறது. காபியைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று பாருங்கள். ஒழுங்காகக் காலி செய்கிற நோடில் முதல் சொல்தான் வர வேண்டும்.

ஓஎஸ்டி என்பது ஒரு டிஸ்க்கைப் பார்த்துக்கொள்ளும் செஃப் சர்வீஸ். எந்தத் தரவு எந்த ஓஎஸ்டிக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் கணக்கு கிரஷ்; அதில் ஒரு டிஸ்க்கின் பங்குதான் எடை. ஒழுங்கான வரிசை இதுதான். நோடில் உள்ள ஓஎஸ்டிகளின் கிரஷ் எடையைப் பூஜ்யமாக்குவது (‘செஃப் ஓஎஸ்டி கிரஷ் ரிவெயிட்’), தரவு முழுக்க வெளியேறும் வரை காத்திருப்பது, ‘சேஃப்-டு-டெஸ்ட்ராய்’ (இதை நீக்கினால் தரவுக்கு ஆபத்தில்லையா என்று) கேட்பது, சர்வீஸை நிறுத்துவது, ‘பர்ஜ்’ செய்வது (ஓஎஸ்டியைக் கிளஸ்டர் பதிவிலிருந்தே நீக்குவது), அந்த நோடில் மானிட்டரோ (கிளஸ்டரின் நிலையைப் பதிந்து வைத்திருக்கும் சர்வீஸ்) எம்டிஎஸ்ஸோ (செஃப் ஃபைல் சிஸ்டத்தின் அடைவு விவரங்களைக் கவனிக்கும் சர்வீஸ்) இருந்தால் அவற்றை வேறு இடத்துக்கு மாற்றுவது. பவரை எடுப்பது கடைசியிலும் கடைசி. பலர் எடையைத் தொடாமல் ‘ஓஎஸ்டி அவுட்’ (இதில் இனித் தரவு வைக்காதே) மட்டும் கொடுப்பார்கள். அதுவும் தரவை நகர்த்தும், ஆனால் அந்த ஹோஸ்டின் (அதாவது நோடின்) எடை கிரஷ் மரத்தில் அப்படியே நிற்கும். பிறகு பர்ஜ் செய்யும்போது எடை மாறி, இன்னொரு தரம் தரவு கிளம்பும். ஒரே வீட்டுக்கு இரண்டு முறை லாரி பிடிக்கிற கதை.

எடையைப் பூஜ்யமாக்குவதற்கு முன் பழைய எடைகளை ஒரு ஃபைலில் குறித்துக்கொள்ளுங்கள். 8 டெராபைட் டிஸ்க்குக்கு அது 7.28 சொச்சம் இருக்கும். பின்வாங்க வேண்டி வந்தால் இந்த எண்தான் கைகொடுக்கும்.

அறிகுறி 1: எடையை மாற்றியும், அல்லது நோடை அணைத்தும், எதுவுமே நகரவில்லை

*கொடி ஏதாவது ஏற்றிவைத்திருக்கிறதா?* ‘செஃப் -எஸ்’ திரையில் ‘ஃபிளாக்ஸ்’ வரியைப் பாருங்கள். ‘நோரீபேலன்ஸ்’, ‘நோபேக்ஃபில்’, ‘நோரெகவர்’ இதில் எது இருந்தாலும் நகர்வு நிற்கும். போன மாதப் பராமரிப்புக்கு யாரோ ஏற்றிவிட்டு இறக்க மறந்த கொடியாக இருக்கும். அந்த ‘யாரோ’ பாதி நேரம் நான்தான். ‘செஃப் ஓஎஸ்டி அன்செட்’ கொடுத்தால் முடிந்தது.

*நோடை நேரடியாக அணைத்துவிட்டீர்களா?* அணைந்த ஓஎஸ்டியைச் செஃப் உடனே ஒதுக்குவதில்லை. இயல்பாக 600 விநாடி, அதாவது 10 நிமிடம் பொறுத்துத்தான் ‘அவுட்’ ஆக்கும். ‘நோஅவுட்’ கொடி இருந்தால் என்றைக்கும் ஆக்காது. சின்ன கிளஸ்டரில் இன்னொரு பூட்டும் உண்டு: ‘இன்’ நிலையில் உள்ள ஓஎஸ்டிகள் மொத்தத்தில் 75 சதவீதத்துக்குக் கீழே போகிற நிலை வந்தால் அதன் பிறகு தானாக எதையும் அவுட் ஆக்காது. ஏற்கெனவே ஒரு நோடு வெளியே இருக்கிற நாலு நோடு கிளஸ்டரில் இரண்டாவதை அணைத்துவிட்டு, ஏன் ரெகவரி தொடங்கவில்லை என்று கேட்பவர்கள் இங்கேதான் நிற்கிறார்கள். அணைத்தது தப்பு, திரும்ப ஆன் செய்துவிட்டு மேலே சொன்ன வரிசைக்கு வாருங்கள்.

*கொஞ்சம் நகர்ந்துவிட்டு, சில பிஜி (செஃப் ஒன்றாகவே வைத்து நகர்த்தும் தரவுக் கட்டு) மட்டும் ‘ஆக்டிவ் பிளஸ் ரீமேப்டு’ என்று உட்கார்ந்துவிட்டதா?* அவுட் மட்டும் கொடுத்த சின்ன கிளஸ்டரில் வருவது. கிரஷுக்கு மாற்று இடம் கண்டுபிடிக்க முடியாத ஒரு மூலை. அந்த ஓஎஸ்டியைத் திரும்ப ‘இன்’ ஆக்கிவிட்டு, கிரஷ் எடையைப் பூஜ்யமாக்குங்கள். எனக்கு இது தீராமல் போனது இல்லை.

அறிகுறி 2: நகர்வு முடிந்த பிறகும் ‘அண்டர்சைஸ்டு’ போகவே மாட்டேன் என்கிறது

கேட்ட அளவு பிரதிகளை வைக்க இடம் கிடைக்கவில்லை என்று பொருள். இது டிஸ்க் கோளாறு இல்லை, கணக்குக் கோளாறு. கிரஷ் விதியில் எத்தனை ஹோஸ்ட் கேட்டிருக்கிறது, உங்களிடம் எத்தனை மிச்சம் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

மூன்று பிரதி பூல் (பூல் என்றால் ஒரே விதிப்படி சேமிக்கும் தரவின் தொகுப்பு), ஒவ்வொரு பிரதியும் வேறு ஹோஸ்டில் என்ற விதி. ஹோஸ்ட் இரண்டாகிவிட்டால் மூன்றாவது பிரதிக்கு இடமே கிடையாது. ‘மின்_சைஸ்’ (வேலை ஓடக் குறைந்தபட்சம் வேண்டிய பிரதி) 2 என்பதால் வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அடுத்து ஒரு டிஸ்க் படுத்தால் அதிலுள்ள பிஜிகள் எழுதுவதை நிறுத்திவிடும். மூன்று நோடுக்குக் கீழே போகாதீர்கள். மூன்றிலேயே நிற்பதும் எனக்குப் பிடிக்காது: மூன்றில் ஒன்று படுத்தால் தன்னைச் சரிசெய்துகொள்ள கிளஸ்டருக்கு வேறு ஹோஸ்ட் இல்லை. நாலுதான் நான் சம்மதிக்கிற குறைந்தபட்சம்.

இரேஷர் கோடிங் பூல் (முழுப் பிரதிக்குப் பதில் தரவைத் துண்டுகளாக்கி, கூடவே மீட்புத் துண்டுகளும் வைப்பது) இருந்தால் இன்னும் கறார். 4+2 என்றால், அதாவது தரவு 4 துண்டு, மீட்பு 2 துண்டு, ஆறு ஹோஸ்ட் வேண்டும், ஐந்தில் அது நடக்காது. ‘செஃப் பிஜி டம்ப்’ எடுத்துப் பார்த்தால் ஓஎஸ்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் 2147483647 என்று ஒரு பூதாகரமான எண் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது தரவுத்தளமே கெட்டுவிட்டது என்று பயந்தேன். ‘இந்தத் துண்டுக்கு ஓஎஸ்டி கிடைக்கவில்லை’ என்பதைத்தான் செஃப் அப்படிச் சொல்கிறது.

இதற்கு வழி, மலிவிலிருந்து செலவு நோக்கி:

முதலாவது, நோடைத் திரும்பச் சேர்ப்பது. குறித்துவைத்த பழைய எடையைக் கொடுத்தால் போதும். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, விதியை மாற்றுவது. மூன்று ஹோஸ்டைத் தேர்ந்தெடு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஓஎஸ்டி எடு என்று 4+2-க்கு ஒரு கிரஷ் விதி எழுதலாம். ஒரு ஹோஸ்ட் போனால் இரண்டு துண்டு போகும், தரவு பிழைக்கும். ஆனால் இயல்பான மின்_சைஸ் 5, மிச்சம் இருப்பதோ 4 துண்டு, அதனால் ரெகவரி ஆகும்வரை அந்த பிஜிகள் நின்றுவிடும். பேக்கப் பூலுக்குச் சரி. விர்ச்சுவல் மெஷின் ஓடுகிற பூலுக்கு நான் செய்ய மாட்டேன்.

மூன்றாவது, புதிய பூல். ஏற்கெனவே உள்ள பூலின் கே, எம் எண்களை (4+2-இல் 4-ம் 2-ம்) மாற்ற முடியாது. 3+2 என்று புதிதாக ஒன்று உருவாக்கித் தரவைப் பிரதியெடுக்க வேண்டும். இரண்டு பூலும் ஒரே சமயத்தில் இருக்க இடம் வேண்டும், வார இறுதிகள் வேண்டும். 4+2-இல் ஒன்றரை மடங்கு எடுத்த இடம் 3+2-இல் 1.67 மடங்காகும். நோடைக் குறைத்து மிச்சம் பிடித்த காசு இங்கே போகும்.

அறிகுறி 3: ‘நியர்ஃபுல்’, ‘பேக்ஃபில் டூஃபுல்’, அதைத் தாண்டி ‘ஃபுல்’

நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இதுதான். கழற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் கணக்குப் போட்டிருந்தால் வந்திருக்காது.

ஒரு உதாரணம். ஆறு நோடு, ஒவ்வொன்றிலும் 8 டெராபைட் டிஸ்க் நாலு. மொத்தம் 192 டெராபைட். பிரதிகளையும் சேர்த்து நிரம்பியது 110. அதாவது 57 சதவீதம். ஒரு நோடு போனால் 160-இல் 110, 69 சதவீதம். இரண்டு போனால் 128-இல் 110, 86 சதவீதம். செஃப் இயல்பாக 85-இல் நியர்ஃபுல் எச்சரிக்கை கொடுக்கும், 90 தாண்டிய ஓஎஸ்டிக்குள் பேக்ஃபிலை (தரவு நகர்ந்து வந்து நிரம்புவதை) விடாது, 95-இல் எழுதுவதையே நிறுத்திவிடும். ஆக இரண்டு நோடைக் கழற்றுவது கதைக்கு உதவாது. ஒன்றைக் கழற்றுவதற்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது: மிச்சம் உள்ள ஐந்தில் ஒன்று நாளைக்குப் படுத்தால் அதே 86-க்குத்தான் வந்து நிற்கும். மேலாளரிடம் இந்த நாலு வரியைக் காட்டித்தான் ‘ரெண்டு வேண்டாம் சார், ஒண்ணு போதும்’ என்று பேசுவேன்.

இன்னொன்று, 69 என்பது சராசரி. ‘ஓஎஸ்டி டிஎஃப்’ கடைசி வரியில் குறைந்தபட்சம், அதிகபட்ச விகிதம் இருக்கும். அதிகபட்சம் 1.20 என்றால் சராசரி 69 இருக்கும்போதே ஒரு டிஸ்க் 83-இல் நிற்கிறது. முட்டுவது அந்த ஒரு டிஸ்க்தான்.

சரி, ஏற்கெனவே முட்டியாகிவிட்டது என்றால்:

*‘பேக்ஃபில் டூஃபுல்’, ஆனால் சில ஓஎஸ்டி மட்டும்.* கொஞ்சம் பொறுங்கள். வேறு பிஜிகள் அந்த டிஸ்க்கிலிருந்து வெளியே போக வேண்டியிருந்தால் தானாக விடும். ஓரிரு மணி நேரம் பார்த்தும் அசையாவிட்டால், நிறைந்த ஓஎஸ்டிக்கு மட்டும் ‘செஃப் ஓஎஸ்டி ரிவெயிட்’ கொடுத்து 0.95 ஆக்குங்கள். இது கிரஷ் எடை இல்லை, அதற்கு மேலே இருக்கிற தற்காலிக எடை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

*பல ஓஎஸ்டிகளில் வருகிறதா?* வேண்டாத ஸ்னாப்ஷாட், ஆர்பிடி (விர்ச்சுவல் டிஸ்க்குகள்) குப்பைத் தொட்டி, மறந்துபோன சோதனைப் பூல் இவற்றைத் தேடுங்கள். நான் ஒரு தடவை குப்பைத் தொட்டியில் மட்டும் 9 டெராபைட் கண்டெடுத்திருக்கிறேன். அப்புறம்தான் ‘செட்-பேக்ஃபில்ஃபுல்-ரேஷியோ’ கொடுத்து 0.92 வரை ஏற்றலாம். நியர்ஃபுல், பேக்ஃபில்ஃபுல், ஃபுல் மூன்றும் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் இறக்கிவிட வேண்டும். இறக்க வேண்டிய நாளை அன்றே காலண்டரில் போடுங்கள்.

*‘ஃபுல்’ வந்து எழுதுவதே நின்றுவிட்டதா?* இடம் ஒழிக்க அழிக்கப் போனால் அழிப்பதும் நிற்கலாம். ‘செட்-ஃபுல்-ரேஷியோ’ 0.97 என்று இம்மியளவு ஏற்றி, காலி செய்கிற நோடின் டிஸ்க்குகளுக்குப் பழைய எடையைத் திரும்பக் கொடுங்கள். அங்கே இடம் இருக்கிறது, தரவு திரும்பி ஓடும். 97-ஐயும் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ஓஎஸ்டி உள்ளேயே இடம் தீர்ந்து எழ மறுத்தால் அது வேறு வகை சிக்கல். அந்த நிலைமையில் செஃப் ஆதரவு ஒப்பந்தம் கொடுப்பவரைக் கூப்பிடுவதுதான் சரி.

அறிகுறி 4: நகர்கிறது, ஆனால் ஆமை

*மிஸ்பிளேஸ்டு சதவீதம் 5-க்கு இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது, மறுபடி 5.* யாரோ பின்வாசல் வழியாக வேலை சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அது தரவைச் சமமாகப் பரப்பும் பேலன்சர், அல்லது பிஜி எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டிருக்கிற ஆட்டோஸ்கேலர். இரண்டுமே மிஸ்பிளேஸ்டு 5 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் அடுத்த கட்டு வேலையை எடுத்துப் போடும். காலி செய்து முடியும்வரை ‘செஃப் பேலன்சர் ஆஃப்’, ஆட்டோஸ்கேலரையும் நிறுத்திவையுங்கள். இதை அறியாமல் ஒரு முறை மூன்று நாள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்: 5.1, 4.9, 5.3, 5.0.

*‘மேக்ஸ்_பேக்ஃபில்ஸ்’ ஏற்றினேன், ஒன்றும் ஆகவில்லை.* 2022-இல் வந்த குவின்ஸி பதிப்பிலிருந்து எம்கிளாக் என்ற ஷெட்யூலர்தான் (எந்த வேலைக்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடுவது) இயல்பு. அது அந்தப் பழைய திருகுகளைப் பூட்டி வைத்துவிடும். ‘ஓஎஸ்டி_எம்கிளாக்_ப்ரொஃபைல்’ எடுத்து ‘ஹை_ரெகவரி_ஆப்ஸ்’ ஆக்குங்கள். ராத்திரி ஏற்றிக் காலையில் ‘பேலன்ஸ்டு’க்கு இறக்குவது என் வழக்கம். அதுவும் போதாவிட்டால்தான் ‘ஓஎஸ்டி_எம்கிளாக்_ஓவர்ரைடு_ரெகவரி_செட்டிங்ஸ்’ திறந்து பழைய திருகைத் தொடுவது. ஒரு ஓஎஸ்டி மட்டும் மந்தம் என்றால், எம்கிளாக் அந்த டிஸ்க்கின் வேகத்தை எவ்வளவு என்று அளந்து வைத்திருக்கிறது என்றும் பாருங்கள். தப்பாக அளந்திருந்தால் நல்ல டிஸ்க்கும் நொண்டும்.

*சில பிஜி மட்டும் மணிக்கணக்கில்.* இங்கே ஒரு தப்பெண்ணத்தைக் கழற்றிவைக்க வேண்டும். வெளியேறுகிற நோடிலிருந்துதான் எல்லாம் படிக்கப்படுகிறது என்று நினைத்து அந்த நோடையே சோதிப்பார்கள். பேக்ஃபிலை நடத்துவது அந்த பிஜியின் பிரைமரி ஓஎஸ்டி. அது வேறு நோடில் இருக்கலாம். ‘செஃப் ஓஎஸ்டி பெர்ஃப்’ பாருங்கள். மற்றதெல்லாம் 20, 30 மில்லி விநாடியில் இருக்க ஒன்று மட்டும் 900 காட்டினால் அதுதான் ஆள். அந்த நோடில் ‘டிமெசேஜ்’ படியுங்கள், ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கொடுத்துப் ‘பெண்டிங் செக்டார்’ எண்ணிக்கை பாருங்கள். பூஜ்யமாக இல்லையென்றால் கழற்றும் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அந்த டிஸ்க்கை மாற்றுங்கள். வருடக்கணக்கில் யாரும் தொடாத தரவைக் காலி செய்கிற வேலை தொடுகிறது. அதனால்தான் சாகக் கிடந்த டிஸ்க்குகள் எல்லாம் இந்த வாரத்திலேயே சாகின்றன.

அறிகுறி 5: பயனர்கள் போன் செய்கிறார்கள், எல்லாம் மெதுவாக இருக்கிறதாம்

முதலில் ப்ரொஃபைலை ‘ஹை_க்ளையன்ட்_ஆப்ஸ்’ ஆக்குங்கள். பத்து நிமிடத்தில் போன் நிற்கவில்லை என்றால் ‘நோரீபேலன்ஸ்’ ஏற்றி நகர்வை நிறுத்திவையுங்கள். மிஸ்பிளேஸ்டு நிலையில் நிறுத்துவதால் ஆபத்து இல்லை. அடுத்த முறை நாலு டிஸ்க்கையும் ஒரேயடியாகப் பூஜ்யமாக்காமல் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

*நிறுத்திவைத்தும் மெதுவா? சில பிஜி ‘ஆக்டிவேட்டிங்’ என்றே நிற்கிறதா?* ஓஎஸ்டி ஒன்றுக்கு பிஜி எத்தனை என்று பாருங்கள். எல்லாப் பூலும் சேர்த்து 1,600 பிஜி, மூன்று பிரதி என்றால் 4,800. 24 ஓஎஸ்டியில் ஆளுக்கு 200. 16 ஆனால் 300. 250 தாண்டினால் எச்சரிக்கை. அதன் மூன்று மடங்கு, 750-ஐத் தொட்ட ஓஎஸ்டி புதிய பிஜியை ஏற்கவே ஏற்காது. ஆக்டிவேட்டிங்கில் நின்றால் பயனருக்கு அந்தத் தரவு கிடைக்காது. சராசரி 300-தான் என்றாலும், 4 டெராபைட் டிஸ்க்குகளுக்கு நடுவே ஒரு 16 டெராபைட் இருந்தால் அதற்குப் பங்கு நாலு மடங்கு. அவசரத்துக்கு ‘மான்_மேக்ஸ்_பிஜி_பெர்_ஓஎஸ்டி’யை 400 ஆக்குங்கள், பிஜிகள் உடனே எழுந்துவிடும். நிதானமாகப் பிறகு பூலின் பிஜி எண்ணிக்கையைக் குறைக்கலாம். 2019-இல் வந்த நாட்டிலஸ் பதிப்புக்கு முன் குறைக்கவே முடியாது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

அறிகுறி 6: ‘செஃப் -எஸ்’ பதிலே சொல்லாமல் நிற்கிறது

மானிட்டர்களின் பெரும்பான்மை போய்விட்டது. நாங்கள் சுருக்கமாக ‘மான்’ என்போம். மூன்று மான் என்றால் இரண்டு உயிரோடு வேண்டும், ஐந்து என்றால் மூன்று. இரண்டே மான் வைத்திருப்பது ஒன்று வைத்திருப்பதை விட மோசம். இரண்டில் எது படுத்தாலும் எல்லாம் நிற்கும். அணைத்த நோடில் மான் ஓடியதை மறந்திருப்பீர்கள். ஏற்கெனவே இன்னொன்றும் படுத்திருக்கும்.

அணைத்த நோடை ஆன் செய்யுங்கள். பத்தில் எட்டு தடவை கதை இங்கேயே முடியும். கோரம் (மான்களின் பெரும்பான்மை) கூடியதும் முதலில் வேறு நோடில் புதிய மான் ஒன்றை எழுப்பி, அது கோரத்தில் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, ‘செஃப் மான் ஓகே-டு-ஆர்எம்’ கேட்டு, அப்புறம் பழையதை நீக்குங்கள்.

*நோடு ஆன் ஆனது, கோரம் கூடவில்லை.* டிஸ்க் நிறைந்திருக்கிறதா பாருங்கள். பிஜிகள் எல்லாம் சுத்தமாகும்வரை கிளஸ்டரின் பழைய வரைபடங்களை மான் கழிக்காது. நகர்வு வாரக்கணக்கில் இழுத்தால் அதன் தரவுத்தளம் வீங்கும். 15 ஜிகாபைட்டில் எச்சரிக்கை வரும், அந்தப் பார்ட்டிஷனில் 5 சதவீத இடத்துக்குக் கீழே போனால் மான் தானே நிறுத்திக்கொள்ளும். லாக் ஃபைல்களைக் கழித்தாலே பெரும்பாலும் எழுந்துவிடும்.

*‘க்ளாக் ஸ்க்யூ’ என்கிறதா?* கழற்றிய நோடுதான் மற்றவற்றுக்கு என்டிபி (நேரத்தை ஒத்திசைக்கும்) சர்வராக இருந்ததா? சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. மான்களுக்கு நடுவே 0.05 விநாடி வித்தியாசத்துக்கே முணுமுணுக்கும்.

*பழைய மான் டிஸ்க்கே இல்லை, அழித்தாகிவிட்டது.* உயிரோடுள்ள மானை நிறுத்தி, அதன் அடைவை முழுதாகப் பிரதி எடுத்து, மான்மேப்பை (மான்களின் பட்டியலை) உருவி, செத்தவற்றை நீக்கித் திரும்பச் செலுத்துகிற அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. சோதனைக் கிளஸ்டரில் ஒரு தரமாவது செய்து பழகியவர் செய்யலாம். இல்லாதவர் ஆள் கூப்பிடுங்கள். ஒரு மான் கூட மிச்சம் இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம். ஓஎஸ்டிகளிலிருந்து மான் தரவைத் திரட்டி எடுக்க வழி இருக்கிறது, ஆனால் அது ராத்திரி இரண்டு மணிக்கு முதல் முறையாகச் செய்து பார்க்கிற வேலை இல்லை.

அறிகுறி 7: ‘சேஃப்-டு-டெஸ்ட்ராய்’ சம்மதிக்க மறுக்கிறது

இன்னும் இத்தனை பிஜி இருக்கிறது என்று சொன்னால் காத்திருங்கள், அவ்வளவுதான். எண்ணிக்கை தெரியவில்லை, முடிவு சொல்ல முடியாது என்கிற மாதிரி வந்தால், அந்த ஓஎஸ்டியை முன்னமே நிறுத்திவிட்டீர்கள். கிளஸ்டரில் வேறெங்கோ சில பிஜி சுத்தமாகவும் இல்லை. ஓஎஸ்டியைத் திரும்ப ஓட விடுங்கள், அல்லது எல்லா பிஜியும் ‘ஆக்டிவ் பிளஸ் க்ளீன்’ ஆகும்வரை பொறுங்கள்.

அதை மீறிப் போக ஆசை வரும். எனக்கு வந்தது. நாலு டிஸ்க் நோடில் மூன்றுக்கு நேரே சைபர். நாலாவதில் 11 பிஜி மிச்சம். மதியச் சாப்பாட்டு நேரம், அதையும் சைபர் என்று படித்துவிட்டுப் பவரை எடுத்தேன். திரை மஞ்சளானது, டிகிரேடட் என்ற சொல் வந்தது. பர்ஜ் கொடுத்திருக்கவில்லை என்பதால் நோடை ஆன் செய்ததும் சில நிமிடத்தில் சரியாகிவிட்டது. பர்ஜ் கட்டளை ‘நிஜமாகவேதான் சொல்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் நீளமாக அடிக்கச் சொல்வது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

அறிகுறி 8: கழற்றியது திரும்பி வருகிறது

பர்ஜ் செய்து, டிஸ்க்கை ‘ஜாப்’ செய்து துடைத்தீர்கள். ஐந்து நிமிடத்தில் அதே நோடில் புது ஓஎஸ்டி முளைத்துத் தரவை இழுக்கிறது. செஃப்ஏடிஎம்மில் (செஃப்பை நிறுவி நிர்வகிக்கும் கருவி) ‘ஆல்-அவைலபிள்-டிவைசஸ்’ போட்டுவைத்திருக்கிறீர்கள். காலி டிஸ்க் கண்டால் எடுத்துக்கொள் என்று சொன்னது நீங்கள்தான். அந்த சர்வீஸை ‘அன்மேனேஜ்டு’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் முதலிலேயே ‘செஃப் ஆர்க் ஹோஸ்ட் ட்ரெய்ன்’ கொடுத்துவிடுங்கள்; அது அந்த நோடில் புதிதாக எதையும் எழுப்பாது. ‘ஸ்ட்ரே ஹோஸ்ட்’ எச்சரிக்கை வந்தால் நோடில் பழைய டீமன் ஏதோ இன்னும் ஓடுகிறது. மரத்தில் காலியாக ஹோஸ்ட் பெயர் மட்டும் தொங்கினால் ‘கிரஷ் ஆர்எம்’.

அறிகுறி 9: ‘அன்ஃபவுண்ட்’

கையை எடுங்கள். ஒரு ஆப்ஜெக்டின் புதிய பிரதி எங்கே என்று கிளஸ்டருக்குத் தெரியவில்லை. கழற்றிய நோடு பர்ஜ் ஆகாமல் இருந்தால் ஆன் செய்யுங்கள். பிரதி அங்கே இருக்கும், தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பர்ஜ் ஆகிவிட்டது, ஆனால் டிஸ்க்கை அழிக்கவில்லை என்றால் அதிலிருந்து பிஜியை உருவி எடுக்க முடியும். அது தெரிந்தவர் செய்யும் வேலை, அவரைக் கூப்பிடுங்கள், வரும்வரை டிஸ்க்கைக் கழற்றிப் பெயர் எழுதி மேசையில் வையுங்கள். ‘மார்க்_அன்ஃபவுண்ட்_லாஸ்ட்’ என்ற கட்டளையை இணையத்தில் யாராவது தீர்வு என்று சொல்லியிருப்பார்கள். தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போடுவது அது. இதனால்தான் கழற்றிய டிஸ்க்குகளை இரண்டு வாரம் நான் அழிப்பதே இல்லை.

அறிகுறி 10: எல்லாம் பச்சை, சில வாரம் கழித்து ஒரே ஒரு மெஷின் மட்டும் எழவில்லை

ஓடிக்கொண்டிருக்கிற க்ளையன்ட்டுக்கு (செஃப்பைப் பயன்படுத்தும் மெஷினுக்கு) மான்களின் புதிய பட்டியல் தானாகவே போய்விடும். ரீபூட் ஆகும்போதுதான் அது தன்னிடம் எழுதிவைத்திருக்கிற பழைய பட்டியலைப் பார்க்கும். அதில் மூன்று முகவரி இருந்து ஒன்று செத்திருந்தால் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். ஒரே முகவரி, அதுவும் கழற்றிய நோடுடையது என்றால் அங்கேயே தொங்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: க்ளையன்ட்டின் செஃப் கான்ஃப் ஃபைல், எஃப்எஸ்டேபில் செஃப்எஃப்எஸ் மவுன்ட் வரி, ப்ராக்ஸ்மாக்ஸ் ஸ்டோரேஜ் கான்ஃபிக், குபெர்னெட்டிஸ் சிஎஸ்ஐ கான்ஃபிக்மேப். ஓப்பன்ஸ்டாக் என்றால் ஒவ்வொரு மெஷினின் டிஸ்க் இணைப்பு விவரத்திலும் பழைய மான் முகவரி தரவுத்தளத்தில் உறைந்திருக்கும். அது கொஞ்சம் பெரிய வேலை. ஓப்பன்ஸ்டாக் பார்க்கிறவரை முன்கூட்டியே உட்கார வையுங்கள்.

இத்தனை இடத்தையும் தேடி முடித்தாலும் ஒன்று விட்டுப்போகும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். நோடைக் கழற்றி முடித்த பிறகும் ஒரு வாரம் அதே ஐபி முகவரியோடு ஓட விட்டு, மான் வழக்கமாகக் கேட்கும் 3300, 6789 இரண்டு போர்ட்டிலும் ‘டிசிபிடம்ப்’ போட்டுக் காதை வைத்திருப்பேன். அங்கே மான் இல்லை, பதில் சொல்ல யாரும் இல்லை. ஆனால் பழைய முகவரியை வைத்திருக்கிறவர் கதவைத் தட்டினால் தெரியும். கடைசி முறை இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரே ஒரு முகவரி தட்டியது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம், விடாமல். போய்ப் பார்த்தால் பேக்கப் எடுக்கிற சர்வர்.